ஆவாரம்பூவும் ஆராய்ச்சி எலியும்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே உத்திரமேரூரை நோக்கிச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஆவாரஞ் செடியைப் புதிதாக அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையிலும் தரிசு நிலத்திலும் வேலியோரத்திலும், ஒருவரும் விதைக்காமல், ஒருவரும் தண்ணீர் விடாமல், தானே முளைத்துத் தானே பூத்து நிற்கும் செடி அது. பொங்கல் வந்துவிட்டால் அதற்குத் தனி மரியாதை உண்டு. பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கட்டி, வீட்டில் காப்பாகச் செருகுவார்கள். தோல் பதனிடுவோருக்கு அதன் பட்டை இன்றியமையாத சரக்கு. சென்னை ராஜதானியிலிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போன தோல்களில் பெரும் பகுதி ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறியவையே. நாட்டு வைத்தியரோ வேர், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஐந்தையும் கூட்டி, 'ஆவாரைப் பஞ்சாங்கம்' என்று பெயரிட்டு, நீரிழிவுக்காரருக்குக் கொடுப்பார். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி.

பழமொழி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி சென்ற மாதம் எனக்கு எதிர்ப்பட்டது.

உத்திரமேரூருக்கு அருகே ஒரு சிறு கிராமத்தில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். நிலத்தில் இன்னமும் காலையும் மாலையும் நடப்பவர். நான் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து, செம்பு டம்ளரில் ஏதோ மஞ்சளான கஷாயத்தைப் பருகிக் கொண்டிருந்தார். பக்கத்தில் முறம் நிறைய ஆவாரம்பூ உலர்ந்து கொண்டிருந்தது.

"தம்பி! நீ பத்திரிகையில் எழுதுகிறவன். உன்னை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்தார். "இரத்தத்தில் கொழுப்பு அதிகமாக இருக்கிறதென்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். சர்க்கரைக்கும் வேறொரு மாத்திரை. ஆவாரம்பூ கொழுப்பைக் கரைத்துவிடும், சர்வகலாசாலையிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று பேரன் படித்துக் காட்டினான். கொழுப்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இந்தக் கஷாயந்தான் குடிக்கிறேன். அவர்கள் நிரூபித்தது மெய்தானா?"

"மெய்தான், பெரியப்பா. ஆனால் நிரூபித்தது எலியிடத்தில்" என்றேன்.

"எலிக்கு வந்தால் எனக்கு வராதா?" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதே கேள்வி இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ திண்ணைகளில் எழுந்திருக்கக் கூடும்.

கொழுப்பின் பிரயாணம்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது சமையலறையில் நாம் தினமும் காணும் விஷயம். இரத்தமோ பெரும்பாலும் நீர். அதில் கொழுப்பு எப்படிப் பிரயாணம் செய்கிறது? புரதத்தால் ஆன ஒரு மேலுறைக்குள் கொழுப்பைப் பொதிந்து, சிறு சிறு மூட்டைகளாக்கி, ஈரல் இரத்தத்தில் அனுப்பி வைக்கிறது. அம்மூட்டைகளுக்குள் இருக்கும் சரக்குகளில் முக்கியமானவை இரண்டு: ஒன்று கொலஸ்ட்ரால், மற்றொன்று டிரைகிளிசரைடு.

கொலஸ்ட்ரால் என்றதும் அதை விஷமென்று எண்ணிவிடக் கூடாது. உடலின் ஒவ்வோர் அணுவுக்கும் சுவராக அமைவதில் அதற்குப் பங்கு உண்டு. பித்தநீரும் பல சுரப்புகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. நாம் உண்ணும் உணவில் வருவதைக் காட்டிலும் நம் உடல் தானே தயாரித்துக் கொள்வது அதிகம். தொல்லை எப்போது வருகிறதென்றால், மூட்டைகளில் ஒரு வகை அளவுக்கு மிஞ்சிப் பெருகும்போது வருகிறது. அடர்த்தி குறைந்த அந்த வகையை எல்.டி.எல். என்பார்கள். அது இரத்தக் குழாயின் உட்சுவரில் புகுந்து தங்கி, நாளடைவில் படலமாகத் தடித்து, வழியைக் குறுக்கிவிடும். இதயத்துக்குப் போகும் குழாயில் இது நேர்ந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நேர்ந்தால் பக்கவாதம். அடர்த்தி மிகுந்த எச்.டி.எல். என்னும் மற்றொரு வகை, மிஞ்சிய கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டு வந்து சேர்க்கிறது.

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அது வலிப்பதில்லை. காய்ச்சல் போல் உடலைச் சுடுவதுமில்லை. பல வருஷங்கள் சத்தமின்றி வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே, "கஷாயம் குடித்தேன், உடம்பு லேசாக இருக்கிறது" என்பது இந்த விஷயத்தில் சாட்சியமாகாது. இரத்தத்தைப் பரீட்சித்துப் பார்த்தாலன்றி எவருக்கும் தெரியாது.

முயலும் எலியும் கோழியும்

கொலஸ்ட்ராலுக்கும் இரத்தக் குழாய்த் தடிப்புக்கும் உள்ள உறவை முதன் முதலில் தெளிவாகக் காட்டியவை முயல்கள். 1913-ஆம் வருஷம் ருஷ்ய நாட்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் சுத்தமான கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார்கள். முயல்களின் இரத்தக் குழாய்களில், மனிதருக்கு உண்டாவது போன்ற படலம் தோன்றிற்று. அன்று முதல் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைத் தேடுவோர் முயலையும் எலியையும் நாடலானார்கள்.

ஆயினும் பிராணிக்குப் பிராணி சுபாவம் வேறு. முயல் புல் தின்னும் ஜந்து. கொலஸ்ட்ராலைக் கண்டறியாத அதன் உடல், ஊட்டியதும் திக்குமுக்காடிப் போகிறது. எலியோ நேர்மாறு. அதன் இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும் பகுதி எச்.டி.எல். மூட்டைகளிலேயே ஓடுகிறது, அதற்குப் பித்தப்பையும் கிடையாது, கொழுப்பை ஊட்டினாலும் குழாய்கள் எளிதில் தடிப்பதில்லை. மனிதன் இவ்விரண்டுக்கும் வேறானவன்.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு வரலாறு இருக்கிறது. அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி சுமார் 6,000 நுண்ணுயிர்களை ஆராய்ந்து, 1973-ஆம் வருஷத்தில், பூஞ்சைக் காளான் ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஈரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதையே அது தடுத்தது. ஆவலோடு எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளின் கொலஸ்ட்ரால் இம்மியும் குறையவில்லை! மருந்து அடக்க முயன்ற அந்த நொதியை எலியின் ஈரல் பன்மடங்கு பெருக்கிச் சமாளித்துவிட்டது. எலியின் தீர்ப்பை ஒப்புக்கொண்டு அவர் கைவிட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறக்குறையப் பாதியாக இறங்கிற்று. நாய்களிலும் பலன் கண்டது. அந்த வம்சத்தில் வந்த மருந்து 1987-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் 'ஸ்டாட்டின்' மாத்திரைகள் யாவும் அதன் உறவினரே. பெரியப்பா நிறுத்திவிட்ட மாத்திரையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எலிக்குப் பலிக்காத மருந்து மனிதனுக்குப் பலித்தது. அப்படியானால், எலிக்குப் பலித்த மருந்து மனிதனுக்குப் பலிக்காமல் போவதும் நடக்கக் கூடியதே.

சிதம்பரத்தில் நடந்த பரீட்சை

இனி நம் ஆவாரம்பூவுக்கு வருவோம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், 1929-ல் ஸ்தாபிக்கப்பட்ட அண்ணாமலைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயனப் பகுதியில், நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆவாரம்பூவைப் பற்றி எல். பாரி, எம். லதா என்ற இரு ஆராய்ச்சியாளர் செய்த வேலை 2002-ஆம் வருஷம் சிங்கப்பூரிலிருந்து வெளிவரும் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் பிரசுரமாயிற்று. பேரன் படித்துக் காட்டிய செய்தியின் மூலம் இதுவாகவோ, இதைப் போன்றதாகவோ இருக்கலாம்.

அவர்கள் செய்தது இது: ஸ்ட்ரெப்டோஸோடோஸின் என்னும் பொருளைச் செலுத்தினால், கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்து எலிக்கு நீரிழிவு உண்டாகும். அவ்விதம் நீரிழிவு கண்ட எலிகளுக்கு, ஆவாரம்பூவை நீரில் இறக்கிய சாரத்தை 30 நாள் வரை கொடுத்து வந்தார்கள். எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.45 கிராம் என்ற அளவில் கொடுத்தபோது பலன் நன்கு தெரிந்தது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதோடு, இரத்தத்திலும் உடலின் திசுக்களிலும் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு முதலிய கொழுப்புகளும் குறைந்தன. நீரிழிவுக்கென்று டாக்டர்கள் கொடுக்கும் கிளிபென்கிளமைடு என்ற மருந்தோடு ஒப்பிட்டதில், பூவின் சாரம் பின்வாங்கவில்லை, மேலாகவே நின்றது.

படிக்கும்போது உள்ளம் பூரிக்கிறது. வேலியோரத்துச் செடி, சீமை மருந்துக்குச் சமமாக நின்றுவிட்டதல்லவா? ஆயினும் அவசரப்படாமல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கொழுப்புக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. இன்ஸுலின் போதிய அளவு இருக்கும் வரையில், உடலில் சேமித்து வைத்த கொழுப்பு தன் இடத்தில் அடங்கிக் கிடக்கும். இன்ஸுலின் குறைந்தால் பூட்டுத் திறந்த களஞ்சியம் போல் அக்கொழுப்பு இரத்தத்தில் கொட்டுகிறது. ஈரல் அதை எடுத்து மேலும் மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. ஆகவே நீரிழிவு எலியின் சர்க்கரையை எந்த மருந்து சீர்ப்படுத்தினாலும், கொழுப்பும் ஓரளவு கூடவே இறங்கக் கூடும். ஆவாரம்பூ கொழுப்பை நேராகத் தாக்கியதா, அல்லது நீரிழிவைத் தணித்ததன் வாயிலாகக் கொழுப்பும் தணிந்ததா என்பது வேறு கேள்வி. நீரிழிவு இல்லாமல் கொலஸ்ட்ரால் மட்டும் மிகுந்த மனிதருக்கு இந்தப் பரீட்சை எவ்வித வாக்குறுதியும் கொடுக்கவில்லை. ஆராய்ச்சியாளர் கண்டது எலிகளைப் பற்றிய உண்மை. "கொழுப்பைக் கரைத்துவிடும், நிரூபித்துவிட்டார்கள்" என்பது பிறகு வந்தவர்கள் சேர்த்துக் கொண்ட வால்.

காசியில் ஆரம்பித்த கதை

எலியிலிருந்து மனிதனுக்குப் போகும் வழியில் என்னவெல்லாம் நேரலாம் என்பதை அறிய, நம் தேசத்து மூலிகை ஒன்றின் சரித்திரத்தையே எடுத்துக் கொள்ளலாம். குஜராத், ராஜஸ்தானம் ஆகிய வறண்ட பிரதேசங்களில் வளரும் முட்செடி ஒன்றின் பட்டையிலிருந்து வடியும் பிசினுக்குக் குக்குலு என்று பெயர். ஸுச்ருத சம்ஹிதையில் 'மேதோ ரோகம்' என்னும் கொழுப்பு நோயின் வர்ணனை வருகிறது. அதற்குக் குக்குலு மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

காசி ஹிந்து சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து வந்த ஜி. வி. சத்தியவதி என்ற பெண்மணி இந்தப் பழைய வர்ணனையைப் படித்து, இக்காலத்து டாக்டர்கள் கூறும் இரத்தக் குழாய்த் தடிப்போடு அது பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டார். கண்டதோடு நின்று, "எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்" என்று மேடையில் முழங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முயல்களை எடுத்துக் கொண்டார். கொழுப்பு ஊட்டிய முயல்களுக்குக் குக்குலுவைக் கொடுத்ததில் கொலஸ்ட்ரால் இறங்கிற்று. 1966-ல் இந்த ஆராய்ச்சியைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். பிற்காலத்தில் அவரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் டைரக்டர் ஜெனரல் பதவியை வகித்தார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்தான்.

காசியில் ஆரம்பித்த வேலையை லக்ஷ்மணபுரியிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் மேலே நடத்திற்று. பிசினிலிருந்து வீரியமுள்ள பகுதியைப் பிரித்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1980-களில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1994-ல் பிரசுரமான ஓர் இந்தியப் பரீட்சையில், 61 பேரை 24 வாரம் கவனித்ததில், குக்குலு உண்டவர்களுக்கு எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 12.5 சதவிகிதம் குறைந்தது. 2002-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள், குக்குலுவிலுள்ள ஒரு பொருள் ஈரலில் எந்த உறுப்பணுவைப் பற்றுகிறதென்று சுண்டெலிகளில் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு பற்றுக்கோடு இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குக் குக்குலு பலிக்கவில்லை, மற்றவற்றுக்குப் பலித்தது. காரணமும் தெரிந்துவிட்டது, காரியமும் தெரிந்துவிட்டது. இனிமேல் என்ன சந்தேகம் என்று எல்லாரும் எண்ணினார்கள்.

அடுத்த வருஷமே, 2003-ல், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் பரீட்சை வெளியாயிற்று. கொலஸ்ட்ரால் மிகுந்த 103 பேருக்கு எட்டு வாரம் நடந்த சோதனை அது. சிலருக்குக் குக்குலு, சிலருக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவில் வெறும் மாத்திரை உண்டவர்களுக்கு எல்.டி.எல். 5 சதவிகிதம் குறைந்திருந்தது. குக்குலு உண்டவர்களுக்கோ 4 முதல் 5 சதவிகிதம் வரை ஏறியிருந்தது! ஆறு பேருக்குத் தோலில் தடிப்பும் கண்டது.

முயலுக்குப் பலித்து, சுண்டெலிக்குப் பலித்து, இந்திய நோயாளிகளுக்கும் பலித்ததாகக் காணப்பட்ட மருந்து, அங்கே நேர் எதிரான பதிலைச் சொல்லிற்று. உணவு வேறு, ஜனங்கள் வேறு, பிசினின் பக்குவம் வேறு என்று பல சமாதானங்கள் கூறலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: விஷயம் தீர்ந்துவிட்டதென்று இருதரப்பாரும் சொல்வதற்கில்லை. இதற்கிடையில் மருந்துக்காகப் பட்டையைக் கீறிக் கீறிக் குக்குலுச் செடியே அருகிவிட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கம் அதை அழிவின் விளிம்பிலுள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தீராத வழக்குக்காகச் சாட்சியையே இழந்துவிடும் நிலைமை!

குடவோலையும் மருந்தும்

மேலே சொன்ன 103 பேரில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதை யார் தீர்மானித்தார்? டாக்டர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போடுவது போன்ற ஒரு முறையினால் அது தீர்மானமாயிற்று. எந்தச் சீட்டு யாருக்கு விழுந்ததென்பது பரீட்சை முடியும் வரையில் இருவருக்குமே தெரியாது. டாக்டரிடம் விட்டால், தம்மை அறியாமலே, தேறக் கூடியவருக்கு மருந்தையும் மற்றவருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துவிடுவார். மருந்துக்கு இல்லாத புகழ் வந்து சேரும்.

பெரியப்பாவின் ஊரில் இதை விளக்குவதற்குச் சிரமமே இல்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில், முதற் பராந்தக சோழனுடைய காலத்து எழுத்துக்கள், கி.பி. 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை, இன்றும் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, மகாசபை கூடியிருக்க, உள்ளே இருப்பதறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அவை விதிக்கின்றன. குடத்தில் பெயர் விழுவதற்கு முன்பே கடுமையான தகுதிகள் உண்டு: வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள், சொந்த நிலமும் வீடும், கல்வி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் பதவி 360 நாள்தான். பிறகு மறுபடியும் குடம்.

பெரியவர், பணக்காரர், வாய்ச்சொல் வல்லவர் என்பதற்காக ஒருவரிடம் ஊரை ஒப்படைத்துவிடக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. மருந்துக்கும் இதே நியாயந்தான். எலியிலும் முயலிலும் தேறுவது, குடத்தில் பெயர் விழுவதற்கான தகுதி. பதவி கிடைப்பது மனிதரிடையே சீட்டுப் போட்டு நடத்தும் பரீட்சைக்குப் பிறகே. ஒரு தடவை தேறினாலும் மறுபடி மறுபடி கணக்குக் காட்டியாக வேண்டும். குக்குலு கணக்குக் காட்ட அழைக்கப்பட்டிருக்கிறது. ஆவாரை, அண்ணாமலை நகரில் தகுதி பெற்றிருக்கிறது.

இத்தகைய பரீட்சை சீமைக்காரருக்கே உரியதென்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்தைச் சீட்டு முறையில் சோதித்து 1948-ல் முடிவு வெளியிட்டார்கள். எட்டே வருஷங்களில், 1956-ல், சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டு முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரை ஆஸ்பத்திரியிலும் மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959-ல் பிரசுரமாகி, க்ஷயரோகிகளை ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கும் வழக்கத்தையே உலகெங்கும் மாற்றியது. ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் வாழ்ந்த நம் ஜனங்கள் உலகத்துக்குக் கற்பித்த பாடம் அது. க்ஷயத்துக்குச் செய்ததை ஆவாரைக்குச் செய்வது நம்மால் இயலாத காரியமன்று.

பெரியப்பாவுக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எலிக்குக் கொடுத்த அளவில் நானும் சாப்பிட்டுப் பார்க்கிறேனே?" என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ எடைக்கு 0.45 கிராம் என்பதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 27 கிராம் சாரம் ஆகிறது. அப்படிப் பெருக்குவது தவறு. சிறிய பிராணியின் உடல் மருந்தை வேகமாகச் செலவழித்துவிடும்; ஆகையால் எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது விஞ்ஞானிகள் அதைச் சுமார் ஆறால் வகுப்பார்கள். அதன்படி பார்த்தால் 4 கிராமுக்குச் சற்று அதிகமாக வருகிறது. இதுவும் பரீட்சையை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கான உத்தேசமே தவிர, உண்ண வேண்டிய அளவன்று. மேலும் ஆராய்ச்சிச் சாலையில் இறக்கிய சாரமும், வீட்டு அடுப்பில் ஒரு பிடி பூவைப் போட்டுக் கொதிக்க வைத்த கஷாயமும் ஒரே பொருளல்ல.

"பூதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?" என்றார் அவர்.

இலங்கையில் இதே செடியை 'ரணவரா' என்று அழைத்துத் தேநீர் போல் பருகுகிறார்கள். அங்கே 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமஸெபின் என்ற மருந்தையும் ஆவாரைத் தேநீரையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறக்குறைய 47 சதவிகிதம் உயர்ந்துவிட்டது. ஆவாரை வெறும் பூவல்ல, உடலுக்குள் சென்று வேலை செய்யும் பொருள் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி. வேலை செய்யும் பொருள் எதுவானாலும் நல்லதும் செய்யும், மற்றதும் செய்யும். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு சர்க்கரையைக் குறைக்கும் கஷாயமும் சேர்ந்தால், அளவுக்கு மீறிச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரவும் இடமுண்டு. எலியின் சாட்சியத்தை நன்மைக்கு ஏற்றுக்கொண்டு தீமைக்குத் தள்ளிவிடுவது நியாயமாகாதல்லவா?

ஆகவே நான் அவரிடம் வேண்டிக் கொண்டவை மூன்று. முதலாவது, நிறுத்திய மாத்திரையைப் பற்றி உடனே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கஷாயம் குடிப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் கோபிப்பார் என்று அஞ்சி மறைப்பதுதான் நம்மவரின் பெரிய தவறு. மூன்றாவது, கஷாயத்தின்மேல் பற்று விடவில்லையானால், பத்திரிகைத் துண்டை நம்பாமல், முறையாகப் படித்த சித்த வைத்தியரிடம் போக வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து எட்டாத தூரமல்ல.

பெரியம்மா இதுவரையில் வாசற்படியில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். "நான் சொன்னால் கேட்கவில்லை. தம்பி சொன்னதையாவது கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மாடத்திலிருந்து மாத்திரைப் பொட்டலத்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு மாதமாக அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள் போலும்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பெரியப்பாவும் நானும் புறப்பட்டோம். அவர் ஆஸ்பத்திரியில் இறங்கிக் கொண்டார். இரத்தம் எடுப்பதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார், கஷாயத்தைக்கூடத் தொடவில்லை. இறங்கும்போது, மடியில் முடிந்திருந்த ஒரு பிடி உலர்ந்த ஆவாரம்பூவை எடுத்துக் காட்டி, "டாக்டரிடம் காட்டத்தான்" என்றார். ஏரிக்கரை நெடுகிலும் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.